தேய்மானத்தை யார் சுமப்பது? – பழைய லாரி எஞ்சினின் வால்வுகளை முன்வைத்து

1

தொழில்நுட்பம் குறித்து நம்முடைய சிறுபத்திரிகைகளில் இரண்டு விதமான பேச்சே அதிகம் புழங்கி வந்திருக்கிறது. இயந்திரம் நடுநிலையானது, அது யார் கையில் இருக்கிறது என்பதுதான் பிரச்சினை என்று பழைய இடதுசாரிகள் சொல்லி வந்தார்கள். நவீனத் தொழில்நுட்பம் மொத்தமுமே ஆதிக்கத்தின் வடிவம், அதை முழுக்க மறுதலிக்க வேண்டும் என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். ரெண்டு தரப்புமே எஞ்சினின் மூடியைக் கழற்றிப் பார்த்ததில்லை. உள்ளே எந்தப் பாகம் எந்த உலோகத்தால் ஆனது, ஏன் அந்த உலோகம், அது தேயும்போது செலவு யார் தலையில் விழுகிறது என்கிற கேள்விகள் இரண்டு பேச்சிலும் இடம்பெறவில்லை.

ஒரு பழைய லாரி எஞ்சினைப் பிரித்து மறுபடி கட்டும்போது அதன் வால்வுத் தொகுதிக்கு எந்தெந்தப் பாகங்களைத் தேர்ந்தெடுப்பது என்பது பட்டறைக் கேள்வி. 'இதெல்லாம் மெக்கானிக் சமாச்சாரம், இதுக்கு எதுக்கு இங்க பக்கம் ஒதுக்கணும்' என்று கேட்கலாம். அந்தக் கேள்வியிலிருந்தே நான் தொடங்குகிறேன். மெக்கானிக் சமாச்சாரம் என்று ஒதுக்கப்பட்ட ஒன்றுக்குள் ஒரு நூற்றாண்டின் ரத்தம் இருக்கிறது என்பதுதான் இக்கட்டுரையின் வாதம். ரத்தம் என்பதை நான் உருவகமாகச் சொல்லவில்லை. அளந்து பார்க்கப்பட்ட ரத்தம்.

அமெரிக்காவில் 1940களையும் 50களையும் சேர்ந்த லாரிகளைத் தேடிப்பிடித்து, எஞ்சினை இறக்கிக் கட்டி ஓட்டுவது பெரிய பொழுதுபோக்கு. அதற்கென்றே உதிரிப்பாக வியாபாரம் நடக்கிறது, தடித்தடியாய் விலைப்பட்டியல்கள் வருகின்றன. நான் எடுத்துக்கொள்வது செவ்ரோலெட்டின் வரிசை ஆறு சிலிண்டர் எஞ்சினை. 1929இல் அறிமுகமாகி, 1937இல் 216 கன அங்குலமாக மாற்றி வடிவமைக்கப்பட்டு, 1941இல் கன லாரிகளுக்காக 235 கன அங்குலமாக வளர்ந்தது. 1960களின் தொடக்கம் வரை அந்தக் கம்பெனியின் லாரிகளை இழுத்தது பெரும்பாலும் இதுதான். பால் வண்டி, தபால் வண்டி, கோதுமை வண்டி, பள்ளிக்கூடப் பேருந்து எல்லாவற்றிலும் இது இருந்தது. எளிமையான, வார்ப்பிரும்பால் ஆன, ஏழை விவசாயிக்கும் புரிகிற எஞ்சின்.

2

முதலில் இயக்கத்தைப் பார்த்துவிடலாம். கேம் ஷாஃப்ட் சுற்றுகிறது. அதன் மேட்டில் உட்கார்ந்திருக்கும் டேப்பட் மேலே எழுகிறது. டேப்பட் புஷ் ராடைத் தள்ள, புஷ் ராட் ராக்கர் ஆர்மின் ஒரு முனையைத் தூக்க, மறுமுனை வால்வை அழுத்தித் திறக்கிறது. ஸ்பிரிங் அதை மறுபடி மூடுகிறது. கிராங்க் ஷாஃப்ட் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால் ஒவ்வொரு வால்வும் 1500 முறை, அதாவது நொடிக்கு 25 முறை திறந்து மூடும். ஒரு மணி நேரத்தில் 90,000 முறை வால்வின் முகம் அதன் சீட்டில் வந்து அடிக்கிறது.

இந்த அடியில் மோசமாகப் படுவது எக்ஸாஸ்ட் வால்வு. எரிந்த வாயு அதைக் கடந்துதான் வெளியே போக வேண்டும். சுமை ஏற்றிய லாரி மேட்டில் ஏறும்போது அதன் தலை 700 டிகிரி செல்சியஸைத் தொடும். அந்த வெப்பத்தின் பெரும்பகுதி இறங்குவதற்கு இருக்கிற ஒரே வழி, வால்வு மூடியிருக்கும் கொஞ்ச நேரத்தில் சீட்டின் வழியாக ஹெட்டுக்குள் போய் அங்கிருந்து தண்ணீருக்குப் போவதுதான். ஆக, சீட் என்பது கதவு நிலை மட்டுமல்ல, வெப்பம் இறங்குகிற படிக்கட்டும்கூட.

செவ்ரோலெட் ஆறு சிலிண்டரில் இந்தச் சீட் தனிப் பாகமே கிடையாது. ஹெட்டின் வார்ப்பிரும்பிலேயே கடைந்துவிட்டார்கள். மலிவு. தனி வளையம் வாங்க வேண்டாம், பள்ளம் எடுக்க வேண்டாம், அழுத்திப் பொருத்த வேண்டாம். ஆனால் அந்த வெப்பத்தில், அந்த அடியில், மென்மையான இரும்பும் வால்வு முகமும் நேரடியாகத் தொட்டால் நுண்ணிய புள்ளிகளில் ரெண்டும் ஒட்டிக்கொள்ளும். வால்வு எழும்போது சீட்டிலிருந்து ஒரு துணுக்கைப் பிய்த்துக்கொண்டு எழும். பிய்ந்த துணுக்கு ஆக்சைடாகி உப்புத்தாள் மாதிரி அடுத்த அடியில் அரைக்கும். நாளாவட்டத்தில் வால்வு ஹெட்டுக்குள் அமிழ்ந்துகொண்டே போகும். சீட் அமிழ்தல் என்று இதைச் சொல்லலாம்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். எஞ்சினில் வேறு எந்தப் பாகம் தேய்ந்தாலும் டேப்பட் இடைவெளி கூடும், சத்தம் கூடும். 'டேப்பட் அடிக்குது' என்று ஓட்டுநரே சொல்லிவிடுவார். சீட் அமிழும்போது நடப்பது நேரெதிர். வால்வு மேலே ஏற ஏற இடைவெளி குறைகிறது, சத்தம் அடங்குகிறது. எஞ்சின் நல்லா ஓடுதுன்னு நினைச்சுக்கிட்டே ஓட்டலாம். கடைசியில் இடைவெளி முழுக்கப் போய், வால்வு சரியாக மூடாமல், படிக்கட்டு இல்லாத வெப்பம் வால்வின் விளிம்பையே எரித்துவிடும். சேதம் அமைதியின் வடிவத்தில் வருகிறது. சமூகத்தைப் பற்றி எழுதுகிற நமக்கு இது புதிய செய்தியில்லை. இரும்பிலும் அப்படித்தான் என்பது மட்டும் கொஞ்சம் புதிது.

அப்படியானால் இந்த மென்மையான சீட்டுகள் நாற்பது, ஐம்பது ஆண்டுகள் எப்படித் தாங்கின? பெட்ரோலில் காரீயம் இருந்தது.

3

1921 டிசம்பர் 9ஆம் தேதி, ஒஹையோ மாநிலத்து டேட்டனில், ஜெனரல் மோட்டார்ஸின் ஆய்வுக்கூடத்தில் தாமஸ் மிட்ஜ்லியும் அவருடைய சகாக்களும் டெட்ரா எத்தில் லெட் என்னும் காரீயக் கூட்டுப்பொருளைப் பெட்ரோலில் கலந்து பார்த்தார்கள். அவர்கள் தேடியது வால்வுக்கான மருந்தில்லை. எரிபொருள் அகாலத்தில் வெடித்து எஞ்சின் தட்டுவதை நிறுத்துவதற்கான மருந்து. கிடைத்தது. கொஞ்சூண்டு போதும், தட்டல் நின்றது. ஆல்கஹால் கலந்தாலும் தட்டல் நிற்கும் என்பது அந்தக் கூடத்துக்குத் தெரியாததில்லை. ஆனால் ஆல்கஹாலை எந்த விவசாயியும் காய்ச்சலாம், அதற்குக் காப்புரிமை வாங்கி ஒவ்வொரு காலனிலும் காசு பார்க்க முடியாது.

1923 பிப்ரவரியில் டேட்டனில் விற்பனை தொடங்கியது. 1924இல் ஜெனரல் மோட்டார்ஸும் ஸ்டாண்டர்ட் ஆயில் ஆஃப் நியூ ஜெர்சியும் சேர்ந்து எத்தில் கேஸோலின் கார்ப்பரேஷனைத் தொடங்கின. பெயரைக் கவனிக்க வேண்டும். 'எத்தில்' இருக்கிறது, காரீயம் இல்லை. காரீயம் நஞ்சு என்பது ரோமானியர் காலத்திலிருந்தே தெரிந்த செய்தி. எனவே பொருளில் இருந்ததைப் பெயரிலிருந்து நீக்கினார்கள். ஒரு சொல்லை அகற்றுவதன் மூலம் ஒரு சொல்லாடலை உருவாக்குவது என்றால் இதுதான்.

அதே 1924 அக்டோபரில் நியூ ஜெர்சியின் பேவே சுத்திகரிப்பு ஆலையில் இந்தப் பொருளைத் தயாரித்த தொழிலாளர்கள் ஐந்து பேர் பிரமை பிடித்து, கட்டிவைக்கப்பட்ட நிலையில் செத்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் நோயில் விழுந்தார்கள். அவர்கள் அளவுக்கு மீறி வேலை செய்ததால் புத்தி பேதலித்திருக்கலாம் என்று நிர்வாகத் தரப்பில் விளக்கம் தரப்பட்டது. டீப்வாட்டரில் இருந்த டூபாண்ட் ஆலையின் கூடத்துக்குத் தொழிலாளர்கள் 'பட்டாம்பூச்சி வீடு' என்று பெயர் வைத்திருந்தார்கள். வேலை செய்கிறவன் திடீரென்று நின்று, இல்லாத பூச்சிகளைக் கையால் விரட்டுவான். இந்தப் பெயரை எந்த நச்சியல் நிபுணரும் வைக்கவில்லை. அறிவியல் ஏற்க மறுத்த அறிவு தொழிலாளியின் கிண்டலில் பதிவாகியிருக்கிறது.

1925 மே 20ஆம் தேதி வாஷிங்டனில் பொதுச் சுகாதாரத் துறையின் தலைமை மருத்துவர் ஒரு மாநாடு கூட்டினார். யேலின் யாண்டெல் ஹெண்டர்சனும் ஹார்வர்டின் ஆலிஸ் ஹாமில்டனும் எச்சரித்தார்கள். ஆலையில் செத்தவர்களோடு விஷயம் முடியாது, தெருவில் நடக்கிறவர்கள் மேல் மெல்ல மெல்ல இது படியும் என்றார்கள். எத்தில் தரப்பில் பேசிய ஃபிராங்க் ஹோவர்ட் இதைக் கடவுள் தந்த வரம் என்னும் பொருள்படப் பேசினார். ஒரு குழு போடப்பட்டது. 252 பேரைச் சோதித்துவிட்டு, தடைசெய்யப் போதிய காரணமில்லை, ஆனால் தொடர்ந்து ஆராய வேண்டும் என்று 1926 ஜனவரியில் அறிக்கை தந்தது. தொடர் ஆராய்ச்சி தொழில்துறையின் கைக்கே போனது. சின்சினாட்டியில் ராபர்ட் கேஹோ நாற்பதாண்டு காலம் அதை நடத்தினார். தீங்கை நிரூபிக்கும் பொறுப்பு நஞ்சை வாங்குகிறவனுடையது, நிரூபிக்கும்வரை விற்கலாம் என்பதே அவருடைய தர்க்கத்தின் சாரம்.

பெட்ரோலில் எரிந்த காரீயம் புகைக்குழாய் வழியே வெளியேறும் முன், எக்ஸாஸ்ட் சீட்டின் மேல் ஆக்சைடாகவும் உப்பாகவும் மெல்லிய படலம் விட்டுச் சென்றது. அந்தப் படலம் இரும்பும் இரும்பும் ஒட்டாமல் பார்த்துக்கொண்டது. யாரும் திட்டமிடாத உபகாரம். ஆனால் தொழிற்சாலை அதை உடனே கணக்கில் எடுத்துக்கொண்டது. எரிபொருளே சீட்டைக் காப்பாற்றுகிறது என்றால் சீட்டுக்கு எதற்குத் தனிச் செலவு? மென்மையான வார்ப்பிரும்பு சீட், தன்னிடம் இல்லாத கடினத்தைக் காற்றிலிருந்து கடன் வாங்கியது. அந்தக் காற்றைத்தான் பிள்ளைகள் சுவாசித்தார்கள்.

4

வேறு வழியே இல்லாமல்தானே அப்படிச் செய்தார்கள் என்று கேட்கலாம். வழி இருந்தது. இண்டியானா மாநிலத்துக் கோகோமோவைச் சேர்ந்த எல்வுட் ஹேய்ன்ஸ், 1894லேயே சொந்தமாகக் கார் ஓட்டிக் காட்டியவர். கோபால்ட்டும் குரோமியமும் கலந்த உலோகத்துக்கு 1907இல் அவர் காப்புரிமை பெற்றார். பிறகு டங்ஸ்டனும் சேர்ந்தது. நட்சத்திரம் என்கிற லத்தீன் சொல்லிலிருந்து அதற்கு ஸ்டெல்லைட் என்று பெயர் வைத்தார். பழுக்கக் காய்ச்சினாலும் கடினம் இழக்காத உலோகம். 1930களில் விமான எஞ்சின்களின் வால்வு முகங்களிலும் சீட்டுகளிலும் இது ஏறிவிட்டது. உள்ளீடற்ற தண்டில் சோடியம் நிரப்பி வெப்பத்தைக் கடத்தும் வால்வுகளும் அப்போதே இருந்தன. ஃபோர்டின் வி-8 எஞ்சினிலும், அந்தக் காலத்துக் கன லாரி எஞ்சின்கள் பலவற்றிலும் எக்ஸாஸ்ட் பக்கத்துக்குத் தனிச் சீட் வளையம் போட்டார்கள்.

அறிவு இருந்தது, உலோகம் இருந்தது, கடைசல் எந்திரமும் இருந்தது. லட்சக்கணக்கில் செய்து தள்ளும் மலிவு லாரிக்கு அது வேண்டாம் என்று முடிவெடுக்கப்பட்டது. மார்க்ஸைப் படித்தவர்கள் இயந்திரத்தைச் செத்த உழைப்பு என்பார்கள். சரிதான். ஆனால் இயந்திரத்துக்குள் செய்யாமல் விடப்பட்ட உழைப்பும் இருக்கிறது. போடாமல் விட்ட வளையம், கடையாமல் விட்ட பள்ளம். அந்த இல்லாமையின் விலையைத் தெருவிலிருக்கும் யாரோ கொடுக்கிறார்கள்.

இதே எஞ்சினுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1936 டிசம்பர் 30 தொடங்கி 1937 பிப்ரவரி 11 வரை மிஷிகனின் ஃபிளிண்ட் நகரத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். போராட்டம் தேங்கிப்போன கட்டத்தில், பிப்ரவரி 1ஆம் தேதி, ஒன்பதாம் எண் ஆலையைப் பிடிக்கப் போவதாகப் போக்குக் காட்டி, காவல்படை அங்கே ஓடியதும், நான்காம் எண் ஆலையைக் கைப்பற்றினார்கள். செவ்ரோலெட் எஞ்சின் செய்த ஆலை அது. ஒன்பதாம் ஆலையில் கண்ணீர்ப்புகைக்குள் சிக்கிய ஆண்கள் மூச்சுவிட வெளியிலிருந்து ஜன்னல்களை உடைத்தது ஜெனோரா ஜான்சன் திரட்டிய மகளிர் அவசரப் படை. பத்து நாளில் நிர்வாகம் சங்கத்தை அங்கீகரித்தது. 216 கன அங்குல எஞ்சின் முதன்முதலில் வந்தது அந்த 1937ஆம் ஆண்டு மாடலில்தான்.

கன்வேயரின் வேகத்தை எதிர்த்து அந்தத் தொழிலாளர்கள் ஜெயித்தார்கள். தாங்கள் செய்த எஞ்சினின் புகை தங்கள் பிள்ளைகளின் ரத்தத்தில் என்ன செய்கிறது என்பது பேரத்துக்கான பொருளாக அன்று மேசைக்கே வரவில்லை. அவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. எந்தத் தேய்மானம் கூலிப் பேச்சுவார்த்தைக்குள் வரும், எது வராது என்பதைத் தீர்மானிப்பதே அதிகாரத்தின் வேலை என்பதைச் சொல்லத்தான்.

5

1950களில் பூமியின் வயதைக் கணக்கிட முனைந்த கிளேர் பேட்டர்சனுக்கு ஒரு தொந்தரவு வந்தது. எந்தக் கல்லை எடுத்தாலும் வெளியிலிருந்து வந்த காரீயம் அளவைக் கெடுத்தது. 455 கோடி ஆண்டு என்று 1956இல் வயதைச் சொல்லிவிட்டு, இந்தக் காரீயம் எங்கிருந்து வருகிறது என்று தேடப் போனார். தொழில்மயச் சமூகத்தில் காரீயம் சாதாரணமாகக் காணப்படுகிறது என்பதால் அது இயல்பாகிவிடாது என்று 1965இல் எழுதினார். கேஹோ இயல்பு என்று சொன்னது வழக்கமாகிப்போன நஞ்சைத்தான். 1979இல் ஹெர்பர்ட் நீடில்மன் குழந்தைகளின் விழுந்த பால்பற்களைச் சேகரித்து, காரீயம் கூடிய பற்களுக்குச் சொந்தக்காரர்கள் பாடத்திலும் கவனத்திலும் பின்தங்கியதைக் காட்டினார்.

ஆனால் காரீயம் பெட்ரோலிலிருந்து வெளியேறத் தொடங்கிய வரலாற்றில் பற்களுக்கு முதலிடமில்லை. 1970இல் காற்றுச் சட்டம் வந்தது. புகையைச் சுத்தப்படுத்த 1975 மாடல் கார்களில் வினையூக்கி மாற்றி பொருத்தப்பட்டது. காரீயம் பட்டால் அதிலிருக்கும் பிளாட்டினம் செயலிழந்துவிடும். பிளாட்டினத்தைக் காப்பாற்றத்தான் காரீயமில்லாத பெட்ரோல் முதலில் எல்லா ஊருக்கும் போனது. காரீயத்தைக் கைவிடலாம் என்று 1970இல் அறிவித்தவர் ஜெனரல் மோட்டார்ஸின் தலைவர் எட் கோல். எத்திலில் இருந்த பங்கை அந்தக் கம்பெனி 1962லேயே விற்றுவிட்டிருந்தது. 1971 மாடலில் எஞ்சின்களின் அழுத்த விகிதத்தைக் குறைத்தார்கள், எக்ஸாஸ்ட் சீட்டுகளை மின்தூண்டலால் சூடேற்றிக் கடினப்படுத்தினார்கள். ஐம்பது வருஷம் முடியாமலிருந்த காரியம் ஒரு மாடல் மாற்றத்தில் முடிந்தது.

1976க்கும் 1980க்கும் இடையில் அமெரிக்கர்களின் ரத்தத்தில் சராசரிக் காரீய அளவு 37 சதவீதம் குறைந்தது. பெட்ரோலில் காரீயம் குறைந்த கோட்டோடு ஒட்டியே அந்தக் கோடும் இறங்கியது. 1986 முதல் காலனுக்கு 0.1 கிராம் என்று வரம்பு வந்தபோது பழைய எஞ்சின்களின் பெயரால் எதிர்ப்பு எழுந்தது. விவசாயியின் டிராக்டர் என்னாவது என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான், சோதித்தும் பார்த்தார்கள். சுற்றுச்சூழல் முகமையும் விவசாயத் துறையும் சேர்ந்து 1987இல் தந்த முடிவு, மெதுவாகவும் இலேசான சுமையோடும் ஓடும் பழைய எஞ்சின்களுக்குப் பெரிய ஆபத்தில்லை, அதிக வேகத்தில் கடும் சுமையில் ஓடுபவைக்கு உண்டு என்பதே. செவ்ரோலெட் ஆறு சிலிண்டரின் பிந்தைய தலைமுறையைச் சேர்ந்த 292 கன அங்குல லாரி எஞ்சினில் சீட் வேகமாகவே அமிழ்ந்தது. அதற்கு மருந்தாகக் கடின உலோக வளையத்தைச் சொன்னார்கள்.

சாலை வண்டிகளுக்கு 1996 ஜனவரி 1 முதல் அமெரிக்கா காரீயத்தைத் தடைசெய்தது. இந்தியாவில் 1995 ஏப்ரலில் தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் காரீயமற்ற பெட்ரோல் வந்து, 2000 பிப்ரவரி 1இல் நாடு முழுவதற்கும் அதுவே என்றானது. உலகத்தில் கடைசியாக அல்ஜீரியா 2021 ஜூலையில் நிறுத்தியது. இடைப்பட்ட காலத்தில் வடக்கு விலக்கியதைத் தெற்குக்கு விற்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. இந்தோனேசியாவில் காரீயத்தைத் தொடரவைக்க அதிகாரிகளுக்கு லஞ்சம் கொடுத்ததாக இன்னோஸ்பெக் கம்பெனி 2010இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. சிறு விமானங்களின் பிஸ்டன் எஞ்சினில் இன்னும் காரீயம் எரிகிறது.

2015இல் உயிரோடிருந்த அமெரிக்கர்களில் 17 கோடிப் பேருக்கும் மேல் குழந்தைப் பருவத்தில் தீங்கான அளவு காரீயத்துக்கு ஆளானவர்கள் என்று 2022இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. பழைய லாரிகளை ஆசையோடு கட்டிக்கொண்டிருக்கும் பெரியவர்களில் பெரும்பாலோரும் அந்தக் கணக்குக்குள் வருகிறவர்கள்தாம்.

6

சரி, பட்டறைக்கு வருவோம். ஹெட் கழன்று பெஞ்சில் கிடக்கிறது. என்ன வாங்குவது?

முதல் தேர்வு எக்ஸாஸ்ட் சீட். எல்லா ஹெட்டுக்கும் கண்ணை மூடிக்கொண்டு வளையம் போடு என்று நான் சொல்லமாட்டேன். பள்ளம் எடுக்கும்போது ஆழம் கொஞ்சம் கூடினாலும் தண்ணீர் அறை திறந்துவிடும். அறுபது, எழுபது வருஷத்து வார்ப்பில் துரு உள்ளிருந்தே தின்றிருக்கும். முதலில் விரிசல் சோதனை செய்ய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஊர்வலத்துக்கு மட்டும் போகிற வண்டியென்றால் உள்ள சீட்டை வைத்துக்கொண்டு டேப்பட் இடைவெளியை அடிக்கடி அளந்தால் போதும். சுமை இழுக்கும் வண்டி, நெடுஞ்சாலையில் ஓடும் வண்டி என்றால் எக்ஸாஸ்ட் பக்கம் ஆறுக்கும் கடின வளையம் போடுவதே முறை. பழைய சீட்டை மறுபடி கிரைண்ட் செய்தாலே மிச்சமிருந்த காரீயப் படலம் போய்விடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

வால்வுக்கு, 21 சதவீதம் குரோமியமும் 4 சதவீதம் நிக்கலும் கலந்த எஃகு தாராளமாகக் கிடைக்கிறது. அது போதும். ஸ்பிரிங் விஷயத்தில் 'கெட்டியா இருந்தா நல்லது' என்கிற ஆசை கூடாது. இந்த எஞ்சின் வேகத்துக்காகப் பிறந்ததில்லை. ஸ்பிரிங் கெட்டியாக ஆக, கேமும் டேப்பட்டும் வேகமாகத் தேயும், சீட்டின் மேல் அடியும் கூடும். டேப்பட்டின் அடிமுகம் தட்டையாகத் தெரிந்தாலும் மிக லேசான குவிவு உடையது. அதனால்தான் அது கேம் மேட்டின் மேல் தானும் சுழல்கிறது, ஒரே இடத்தில் தேயாமல் தப்பிக்கிறது. எந்த மேட்டில் எந்த டேப்பட் ஓடியதோ அதே இடத்தில்தான் திரும்ப வைக்க வேண்டும். புதுக் கேமுக்குப் பழைய டேப்பட் ஆகாது. புஷ் ராடைக் கண்ணாடித் தட்டில் உருட்டிப் பார்த்தால் வளைவு தெரிந்துவிடும். ராக்கர் ஷாஃப்டின் அடிப்பக்கம் விரலை ஓட்டினால் குழி தட்டும். அதன் எண்ணெய்த் துளைகளில் கசடு அடைத்திருக்கும்.

எண்ணெயிலும் இதே கதை உண்டு. கேமையும் டேப்பட்டையும் காத்து வந்த துத்தநாக, பாஸ்பரஸ் சேர்மத்தை எண்ணெயில் குறைத்திருக்கிறார்கள். 2004ஐ ஒட்டி வந்த தரவரையறை பாஸ்பரஸை 0.08 சதவீதத்துக்குள் கட்டியது. அதற்கும் காரணம் வினையூக்கி மாற்றிதான். பழைய எஞ்சினுக்கு அந்தச் சேர்மம் கூடிய எண்ணெயைத் தேடி ஊற்றுகிறார்கள்.

ஹைட்ராலிக் டேப்பட்டா, திட டேப்பட்டா என்பது அடுத்த கேள்வி. 1950இல் தானியங்கிக் கியர் கார்களுக்கு ஹைட்ராலிக் வந்தபோதும், லாரிக்குத் திட டேப்பட்டே தொடர்ந்தது. ஹைட்ராலிக் டேப்பட் எண்ணெய் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே சரிக்கட்டிக்கொள்ளும். சொகுசு. ஆனால் சீட் அமிழ்வதையும் அது தன் எல்லை தீருமட்டும் மூடி மறைத்துவிடும். திட டேப்பட்டில் ஃபீலர் கேஜை நுழைத்தால், போன தடவை போன தகடு இந்தத் தடவை போகவில்லை என்று தெரிந்துவிடும். சேதத்தை மறைக்கிற பாகம் வேண்டுமா, அளக்கவிடுகிற பாகம் வேண்டுமா என்றால் நான் இரண்டாவதன் பக்கம்.

விலைப்பட்டியல்களில் இடம்பெறாத ஒன்றையும் இங்கே சேர்க்க வேண்டும். காரீயப் பெட்ரோலில் ஓடிய எஞ்சினைப் பிரித்தால் எக்ஸாஸ்ட் வழிகளிலும் வால்வுத் தலைகளிலும் சாம்பல் நிறத்தில் பொருக்கு படிந்திருக்கும். அதில் காரீயம் இருக்கிறது. சுழலும் கம்பித் தூரிகையை வைத்து உலர்வாகத் தேய்த்தால் அது தூசியாகி மூச்சில் போகும், சட்டையோடு வீட்டுக்கும் போகும். ஈரமாக்கிச் சுரண்ட வேண்டும், முகமூடி போட வேண்டும், டீ குடிக்கும் முன் கை கழுவ வேண்டும், வேலைச் சட்டையைப் பிள்ளைகளின் துணியோடு துவைக்கக் கூடாது. பட்டறையில் இந்த வேலை பெரும்பாலும் இருப்பதிலேயே சின்னப் பையன் கையில்தான் விழுகிறது. எந்த நாட்டுப் பட்டறையானாலும் இதுதான் நடைமுறை.

பழைய வண்டி ஆர்வலர்களிடையே 'அசல்' என்கிற சொல்லுக்குப் பெரிய மரியாதை. ஆலையிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும், வளையம் போட்டால் அசல் கெட்டுப்போச்சு என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு. எத்தில் என்று எழுதிய பழைய பெட்ரோல் பம்ப்புகளின் கண்ணாடித் தலையைச் சுவரில் வைத்து அழகு பார்க்கிறார்கள். ஆனால் அந்த எஞ்சினின் அசல் என்பது இரும்பு மட்டுமில்லை. இரும்பும் அந்தப் புகையும் சேர்ந்ததுதான் அசல். புகையை விட்டுவிட்டு இரும்பை மட்டும் காப்பாற்றுவது ஞாபகத்தில் பாதியை அழிப்பது. வளையத்தைப் போடுகிறவன்தான், என் பார்வையில், வரலாற்றுக்கு நெருக்கமாக இருக்கிறான். 1937இல் கம்பெனி கொடுக்காமல் விட்ட பாக்கியை அவன் உலோகமாகக் கட்டுகிறான்.

7

ஃபிளிண்ட் நகரத்துக்குத் திரும்பவும் போக வேண்டியிருக்கிறது. 2014 ஏப்ரலில், செலவை மிச்சம் பிடிக்க, அந்த நகரத்தின் குடிநீரை ஃபிளிண்ட் ஆற்றுக்கு மாற்றினார்கள். தண்ணீர் பழைய குழாய்களை அரித்தது, குழாயின் காரீயம் தண்ணீரில் இறங்கியது. ஊரில் பாதிக்கும் மேற்பட்டோர் கறுப்பர்கள். நிறத்தையும் நாற்றத்தையும் தடிப்பையும் பற்றி அவர்கள் புகார் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் அங்கிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் எஞ்சின் ஆலை இந்தத் தண்ணீர் வேண்டாம் என்று சொல்லிப் பக்கத்து ஊரிலிருந்து ஏரித் தண்ணீரை வாங்கிக்கொண்டது. காரணம், ஆற்றுத் தண்ணீரின் குளோரைடு எஞ்சின் பாகங்களைத் துருப்பிடிக்க வைத்தது. பாகங்களுக்கு உடனே மாற்று கிடைத்தது. மனிதர்களுக்கு இன்னும் ஒரு வருஷம் ஆனது. 2015 செப்டம்பரில் குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷா பிள்ளைகளின் ரத்தத்தில் காரீயம் கூடியிருப்பதைக் கணக்கோடு வெளியிட்டார். அவருடைய கணக்கையும் முதலில் தப்பு என்றார்கள். அக்டோபரில்தான் நகரத்துக்குப் பழைய தண்ணீர் திரும்பியது.

1920களில் பெட்ரோல், 2014இல் குடிநீர். இரண்டிலும் உலோகத்தின் தேய்மானம் கணக்கில் வந்தது, உடலின் தேய்மானம் வரவில்லை. உலோகத்தின் அரிப்பைக் கணக்கிட ஓர் ஆலை இருக்கிறது, அந்த ஆலைக்குச் செலவுப் புத்தகம் இருக்கிறது. குழந்தையின் ரத்தத்தை அளக்க ஒருத்தர் வெளியிலிருந்து வந்து, திட்டு வாங்கி, நிரூபித்துக் காட்ட வேண்டியிருக்கிறது.

ஆகவே தொழில்நுட்பம் நல்லதா கெட்டதா என்ற வாதத்தைக் கொஞ்ச நாளைக்கு ஒத்திவைக்கலாம் என்று நினைக்கிறேன். எந்த இயந்திரத்தைக் கண்டாலும், அது பஞ்சாலையோ தோல் பதனிடும் தொட்டியோ அணு உலையோ, நாம் கேட்க வேண்டிய கேள்வி குறிப்பானது: இதில் எது தேய்கிறது, அந்தத் தேய்மானத்தை எந்தப் பாகம் சுமக்கிறது, சுமக்க வேண்டிய பாகத்தைப் போடாமல் விட்டு யார் மிச்சம் பிடித்தார்கள்? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் பொருளாதாரம் மட்டும் தெரிந்தால் போதாது, கோட்பாடு மட்டும் தெரிந்தாலும் போதாது. வால்வு சீட்டைத் தடவிப் பார்த்து எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்று சொல்லத் தெரிந்த லேத்காரரும் நம்முடைய விவாதங்களில் வந்து உட்கார வேண்டும்.